போய், பொடியன், இளைஞர்

சொல் வந்த வழி – 9ஆம் பகுதி

ஆங்கிலத்தில் ‘போய்’ என்ற சொல் முதலில் சிறுவனைக் குறிக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் எழுத்துகளில் அது தலைகாட்டும்போது ஏவலாள், எடுபிடி என்றே பொருள்படுகிறது, வசைச்சொல்லாகவும் வருகிறது. ஆண்பிள்ளை என்ற பொருள் அதில் நிலைபெற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதன் வேர் எந்த மொழியில் என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை.

இந்தத் தொடரின் முன்னைய பகுதிகள் மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கப்பலில் வந்த சொற்களைப் பார்த்தன. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகளில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. இந்த இரு தரப்பாரும் விட்டுச்சென்ற அலுமாரி, கந்தோர், கக்கூசு எல்லாம் பொருள்களின் பெயர்கள், இடங்களின் பெயர்கள்.

1795இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் இன்னொரு வகைச் சொற்களையும் கொண்டுவந்தனர். அவை ஓர் ஆண்மகனை இன்ன இடத்தில் நில் என்று நிறுத்தும் சொற்கள்.

★

ராசாவை வென்ற வேலைக்காரன்

பழைய ஆங்கிலத்தில் பையனுக்கு இருந்த பெயர்களில் ஒன்று ‘க்னாஃபா’. அது பிறகு ‘நேவ்’ என்று திரிந்து முதலில் வேலைக்காரன் ஆனது, அடுத்து அயோக்கியன் ஆனது. ‘லாட்’ என்பதும் 1300ஐ ஒட்டிய காலத்தில் ஏவலாளனையே குறித்தது. ஜெர்மன் மொழியில் அதே வேரிலிருந்து வந்த ‘க்னாபெ’ இன்றுவரை மரியாதையான பையனாகவே இருக்கிறான். ஆங்கிலத்தில் மட்டும் அவன் கெட்டுப்போனதற்குக் காரணம் அவன் செய்த வேலை. எசமானர்கள் தங்கள் வேலையாட்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ அதுவே சொல்லின் பொருளாகப் படிந்தது.

அந்த ‘நேவ்’ இன்றும் சீட்டுக்கட்டில் இருக்கிறான். ராசா, ராணிக்கு அடுத்து நிற்கும் மூன்றாவது படம் அவனுடையது. ஆங்கிலத்தில் ராசாவும் அவனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வந்தபோது குழப்பம் ஏற்பட்டது. ‘ஜாக்’ என்ற பெயர் வென்றது. அதற்குச் சற்று முன்புவரை அது கீழ்த்தட்டுப் பேச்சு. 1861இல் நூலாக வந்த டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில், ஜாக் என்று சொன்னதற்காகவே ஏழைப் பையன் ஒருவன் ஏளனம் செய்யப்படுகிறான்.

இலங்கையில் அவனுடைய நிலை வேறு. வாசிகசாலைத் திண்ணையிலும் செத்த வீட்டு இரவிலும் ஆடப்படும் முன்னூற்றிநாலில் ராசாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2. ஆசுக்கு 11, பத்துக்கு 10, ஒன்பதுக்கு 20. ஜாக்குக்கு 30. நாலு சாதிக்கும் கூட்டினால் 304 வரும். ஆட்டத்தின் பெயரே அதுதான். ஒல்லாந்தரின் சீட்டாட்டக் குடும்பத்திலிருந்து இது கிளைத்தது என்று கருதப்படுகிறது. அந்த ஆட்டங்களிலும் துரும்பு ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல்.

ஏவலாளனாகத் தொடங்கியவன் ஒரு கட்டத்தில் ராசாவை வெட்டுகிறான். இதே நிகழ்ச்சி இந்த வரலாற்றில் சீட்டுக்கு வெளியிலும் வரும்.

★

காலாளும் கந்தோரும்

இளைஞனும் ஏவலாளனும் படைவீரனும் ஒரே சொல்லுக்குள் தங்குவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. காலாட்படைக்கான ஆங்கிலச் சொல் இத்தாலிய ‘இன்ஃபான்தே’யிலிருந்து வந்தது, அதற்கு இளம்பையன் என்றும் காலாள் என்றும் பொருள். குதிரைக்கு வசதியில்லாத இளையவன் நடந்து போய்ச் சண்டையிட்டான்.

தமிழிலும் இதே கதைதான். சங்கப் பாடல்களில் தலைவனோடு செல்லும் ‘இளையர்’ வயதால் மட்டும் இளையவர்கள் அல்லர். ஏவல் செய்பவர்கள், வேல் பிடிப்பவர்கள். ‘மழ’ என்றால் இளமை. மழவர் என்றால் போர்வீரர்.

சில சொற்கள் எதிர்த் திசையிலும் நடந்தன. போர்த்துக்கேயரின் ‘பியாவ்’ ஒரு காலாள். அவன் கீழைத்தேயக் கந்தோர்களில் ஆயுதத்தை வைத்துவிட்டுக் கோப்பு தூக்கினான். மட்டக்களப்புக் கோட்டைக்குள் இயங்கிய கச்சேரியின் வாசலில் உட்கார்ந்திருந்த பியோன் அந்தப் பழைய படைவீரனின் வழித்தோன்றல்.

மற்ற ஆங்கிலச் சொற்களின் கதை சுருக்கமானது. ‘பெலோ’ என்பவன் ஸ்கந்திநேவியப் பங்காளி, கூட்டு முதலில் பணம் போட்டவன். ‘சாப்’ ஒரு வியாபாரி. ‘கய்’ 1605இல் இலண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதிசெய்து பிடிபட்ட கய் ஃபோக்ஸ். அவனது கொடும்பாவிக்கு ஆன பெயர் அமெரிக்காவில் எல்லா ஆண்களுக்கும் ஆகிவிட்டது.

★

1814: ஒரு சொல், இரண்டு கதவுகள்

1814இல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே இறந்துபோனார். ஓராண்டுகூட நிறையாத அந்தப் பணியிலிருந்து வளர்ந்ததுதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது.

இந்தப் பாடசாலைகள் வழியாக ‘போய்’ வாவிக்கரையின் முன்வாசலால் நுழைந்தது. படிக்கிற பையன், கிரிக்கெட் மட்டை பிடிக்கிற பையன், நாளை கிளாக்கராகவோ டாக்குத்தராகவோ ஆகப்போகிற பையன். படித்து வெளியேறியவன் ‘ஓல்ட் போய்’ ஆனான். எழுபது வயதிலும் அவன் ‘போய்’தான், அது அவனுக்குப் பெருமை.

அதே சொல் பின்வாசலாலும் வந்தது. துரைமாரின் பங்களாவில், வாடிவீட்டில், சோடா கொண்டுவர வேண்டியவனையும் ‘போய்’ என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு ஐம்பது வயதாகி, தலை நரைத்திருந்தாலும் பெயர் மாறவில்லை. ஆங்கிலேயர் ஆசியாவில் வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி இந்தச் சொல்லுக்கு வேலைக்காரன் என்றே முதற் பொருள் தருகிறது. பல்லக்குத் தூக்குவோரைத் தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘போயி’ என்பார்கள் என்பதையும் சேர்க்கிறது. ஓசை ஒன்றானதால் இரண்டும் கலந்துவிட்டன.

இங்கிலாந்தில் வேலைக்காரன் என்ற பொருள் மங்கி மறைந்துகொண்டிருந்த காலம் அது. இந்தக் கரையில் அது புத்துயிர் பெற்றது. ஆங்கிலம் தெரிந்த ‘போய்’, ஆங்கிலம் தெரியாத ‘போய்’ என்று ஊர் இரண்டானது. பின்னாளில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கே ‘கடுவ’, அதாவது வாள், என்று பெயர் வைத்தார்கள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர்.

★

கலியாணம் முடியும்வரை பொடியன்

மிஷன் வளவுக்கு வெளியே, வாவியின் இரு பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இளைஞனுக்கு ஊரின் சொற்கள் இருந்தன. கூத்துக்களரியில் அண்ணாவியார் பழக்கி எடுப்பவன் இளந்தாரி. கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கயிறு இழுப்பவன் இளந்தாரி. உடல் வலு அதன் பொருளில் இருந்தது.

‘பொடியன்’ வேறு. பொடி என்றால் சிறியது. தமிழ்நாட்டில் பொடியன் என்றால் இன்றும் சின்னப் பையன்தான். இலங்கைத் தமிழில் அது மேல்நோக்கி வளர்ந்து, கலியாணமாகாத ஆண் எவனையும் குறிக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பெடியன், பெடியள். மட்டக்களப்பில் பொடியன், பொடியனுகள். “பொடியன் என்ன வேலை?” என்று தரகரிடம் கேட்டால், முப்பது வயது ஆசிரியரைப் பற்றித்தான் கேள்வி.

பொடியன் நிலை முடிவது கலியாணத்தில். மட்டக்களப்பில் அந்த முடிவு தெளிவானது. தாய்வழியில் குடி எண்ணும் சமூகம் இது. வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகும், ஆண் பெண்வீட்டுக்குப் போவான். தாயின் வீட்டில் பொடியனாக இருந்தவன் மாமியின் வீட்டில் மாப்பிள்ளையாகக் காலடி வைக்கிறான். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை என்பதால் மச்சான் என்பவன் பெரும்பாலும் மற்றக் குடிக்காரன். சம்பந்தம் வைக்கத் தகுந்தவன், கேலி பேச உரிமையுள்ளவன்.

இந்த மச்சான் ஊரைத் தாண்டிப் போனது. சிங்களத்தில் ‘மச்சாங்’ ஆகி, உறவு எதுவும் வேண்டாத இளைஞர் விளிச்சொல்லானது. அங்கிருந்து இலங்கை ஆங்கிலத்துக்குள் ஏறி, கொழும்புக் கல்லூரி மைதானங்களில் ‘பெலோ’வையும் ‘சாப்’பையும் ஓரங்கட்டியது. இளந்தாரியும் சிங்களத்தில் ‘இலந்தாரியா’வாகக் குடியேறினான். இளைஞனைக் கூப்பிடும் விடயத்தில் ஆங்கிலம் இந்தத் தீவுக்குத் தந்ததைவிட வாங்கிக்கொண்டது உயிருள்ள சொல் என்றே சொல்ல வேண்டும்.

வயதில் மூத்தவர்கள் பயன்படுத்தியது இன்னும் நெருக்கமான சொல். தெரியாத ஊர்ப் பொடியனானாலும் “மனே” என்பார்கள். மகனே என்பதன் வாவிக்கரை வடிவம் அது. காத்தான்குடியிலும் மனே, ஆரையம்பதியிலும் மனே.

★

வாலிபர் போய் இளைஞர் வந்தார்

‘யூத்’ என்ற ஆங்கிலச் சொல் சங்கங்களின் வழியே வந்தது. வேதாகமத் தமிழ் அதற்கு முன்பே ‘வாலிபன்’ என்ற சொல்லைப் பழக்கியிருந்தது. ஆகவே கிறிஸ்தவ வாலிபர் சங்கம் வந்தது. அதைப் பார்த்து இந்து வாலிபர் சங்கம் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய அமைப்பும் வாலிபர் காங்கிரஸாகி, 1931 அரசாங்க சபைத் தேர்தலை வடக்கின் நான்கு தொகுதிகளில் பகிஷ்கரிக்கச் செய்தது. அந்த வாலிபர் ஆங்கிலம் கற்றவர், கதர் கட்டியவர், கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுபவர்.

1970களில் அந்தச் சொல்லின் இடத்தில் ‘இளைஞர்’ உட்கார்ந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபின், 1973இல் உருவான அமைப்பின் பெயர் தமிழ் இளைஞர் பேரவை. வாலிபருக்கு நூலக மணம் இருந்தது. இளைஞருக்குத் தெருவின் சூடு ஏறியது.

தீர்மானமான ஆண்டு 1979. அந்த ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்கான சட்டத்தை இயற்றியது. கழகம், விளையாட்டு, தொழிற்பயிற்சி எல்லாம் அதன் கீழ் வந்தன. அதே ஆண்டு ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறியது. குற்றப்பத்திரிகை இல்லாமல் 18 மாதம்வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. தற்காலிகம் என்று வந்தது 1982இல் நிரந்தரமானது.

இரண்டாவது சட்டத்தின் வாசகம் வயதைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகைகள் பேசின. ‘தமிழ் யூத்’ என்று ஆங்கிலத்திலும் ‘இளைஞர் கைது’ என்று தமிழிலும் செய்தி வந்தபோது, வாசகர்கள் அதில் சந்தேகநபரைக் கண்டார்கள். கழகத்தில் இளைஞர் என்றால் உறுப்பினர். சோதனைச் சாவடியில் இளைஞர் என்றால் வாகனத்தை விட்டு இறங்கு என்று பொருள்.

★

“எங்கட பொடியனுகள்”

1983 ஜூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எஞ்சியவர்களை மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றினார்கள். செப்டெம்பர் 23ஆம் திகதி இரவு அவர்கள் அந்தச் சிறையை உடைத்து வெளியேறினார்கள். வாவியும் காடும் அவர்களை வாங்கிக்கொண்டன.

மறுநாள் ஊர் அவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. என்ன சொல்லிப் பேசுவது?

அரசு பயங்கரவாதி என்றது. ஆயுத இயக்கங்கள் போராளி என்றன. இந்தியப் பத்திரிகைகள் ‘மிலிட்டன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டன. முதல் சொல்லை ஊரவர் ஏற்க மாட்டார்கள், இரண்டாவது மேடைப் பேச்சு, மூன்றாவது புரியாது. வீட்டில் ஏற்கெனவே கிடந்த சொல் எடுபட்டது. பொடியனுகள்.

அது ஒரு பாதுகாப்பான சொல்லாகவும் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாத காலத்தில், “பொடியனுகள் வந்து போனவங்களாம்” என்று சொன்னால் பிடிபட எதுவும் இல்லை. எந்தப் பொடியன், பந்து விளையாடவா வந்தான் என்று மறுத்துவிடலாம்.

மிதவாதத் தலைவர்களுக்கு இந்தச் சொல்லில் வேறு வசதி. பொடியன் என்றால் தகப்பன் ஒருவர் இருக்கிறார். பொடியனுகள் அவசரப்படுகிறார்கள், நாங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று கொழும்பிலும் டெல்லியிலும் பேச இடமிருந்தது. அப்படிப் பேசியதைக் கேட்ட வெளிநாட்டு நிருபர்கள் அதை நேரடியாக ‘த போய்ஸ்’ என்று எழுதினார்கள். அந்த ஆங்கில வடிவம் இராசதந்திரிகளின் பேச்சிலும் புத்தகங்களிலும் ஏறியது. பழைய ஏவலாளனின் பெயர் துவக்குக்காரனுக்கு வந்து சேர்ந்த வழி இது.

தகப்பன்மார் கணக்குத் தப்பியது. ஓரிரு ஆண்டுகளில் பொடியனுகள் வழக்கு விசாரித்தார்கள், வரி கேட்டார்கள், துரோகி என்று தீர்த்தவரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். நிலக்கிழாரான போடியாரும் அதிபரும் விதானையாரும் அவர்களுக்கு எழுந்து நிற்க வேண்டியிருந்தது. முன்னூற்றிநாலின் ஜாக் மேசைக்கு வந்துவிட்டான்.

பிறகு எழுந்த கேள்வி, எந்தப் பொடியனுகள்? மட்டக்களப்பில் விடுதலைப் புலிகள், டெலோ, ஈபிஆர்எல்எப், புளொட், ஈரோஸ் எல்லாம் இருந்தன. 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் டெலோவை அழித்தார்கள். டிசம்பரில் ஈபிஆர்எல்எப் மீது பாய்ந்தார்கள். ‘எங்கட’ என்ற முன்னொட்டு அதன்பின் இலகுவாக வாயில் வரவில்லை. “ஆர், எந்த இயக்கம்?” என்று தாழ்ந்த குரலில் கேட்பது வழக்கமானது.

★

பிள்ளைபிடி

இலங்கைக்கு வந்திருந்த இந்தியப் படை 1989இல் வெளியேறத் தொடங்கியபோது, அதன் ஆதரவுடன் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற படை அவசரமாகத் திரட்டப்பட்டது. வீதியில், பஸ்ஸில், ரியூசன் வாசலில் மறித்துப் பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சனம் அதற்கு வைத்த பெயர் பிள்ளைபிடி.

சாப்பிடாத குழந்தையைப் பயமுறுத்தத் தாய்மார் சொல்லும் பிள்ளைபிடிகாரன் என்ற சொல்லிலிருந்து அது எடுக்கப்பட்டது. இந்தப் பெயரில் ஒரு தீர்ப்பு இருந்தது. பிடித்துப் போகிறவர்கள் அவனை வீரனாகக் கணக்கெடுக்கிறார்கள். தாய்க்கு அவன் பிள்ளை. பத்தாண்டுகளுக்குப் பிறகு, புலிகள் வீட்டுக்கு ஒருவர் கேட்டு வந்தபோதும் ஊர் அதே சொல்லை எடுத்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகத் தங்கினர். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கு வந்து ஆண்களை வரிசையில் விட்டது. முகமூடி போட்ட தலையாட்டிகள் முன் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலை அசைந்தால் ஒருபக்கம் நிறுத்துவார்கள். 158 பேரை ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் திரும்பவில்லை.

அறிக்கைகளின் ஆங்கிலத்தில் இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் ‘யூத்ஸ்’. தாய்மார் ஆணைக்குழுக்களின் முன் வந்து இருந்து சொன்னபோது அவர்கள் பிள்ளைகள்.

சட்டத்தின் ஆங்கிலம் தாமதமாகத் தாய்மாரின் பக்கம் வந்தது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறுவர். இலங்கை அதை 1991இல் ஏற்றது. பதினாறு வயதில் துவக்குத் தூக்கியவனை உலக நிறுவனங்கள் ‘சைல்ட் சோல்ஜர்’ என்றன, தமிழ்ச் செய்திகள் சிறுவர் போராளி என்றன. இலங்கையின் இளைஞர் கொள்கையோ 15 முதல் 29 வயதுவரை இளைஞர் என்கிறது. ஒரே பதினாறு வயதுக்காரன் ஒரு கோப்பில் சிறுவன், இன்னொரு கோப்பில் இளைஞன்.

★

2004 ஏப்ரல்

2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, வெருகலாற்றில் புலிகளுக்கும் அவரது அணிக்கும் சண்டை. சில நாட்களில் கருணா தன் படையைக் கலைத்துவிட்டு அகன்றார். கிழக்கின் பெரும் படையணிகளில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று விடப்பட்டார்கள்.

படுவான்கரை ஊர்களுக்குள் அவர்கள் வந்துசேர்ந்தார்கள். ஆண்களுக்குச் சொல் தயாராக இருந்தது. இயக்கத்துக்குப் போன பொடியன் திரும்பிவந்த பொடியன் ஆனான், கலியாணம் பேசினால் “பொடியன் என்ன வேலை?” என்ற பழைய கேள்வியே வந்தது. இருபது ஆண்டுகளாகத் துவக்குக்காரனைச் சுமந்த சொல், அவனை மறுபடி வெறும் கலியாணமாகாத ஆணாக்கி ஊருக்குள் எடுத்துக்கொண்டது. அதிகாரிகளின் ‘முன்னாள் போராளி’ என்ற பெயர் விண்ணப்பப் படிவங்களில் மட்டும் நின்றது.

வந்தவர்களில் ஜெயந்தன் படையணிக்காரர் மட்டும் இல்லை. அன்பரசி படையணியின் பெண்களும் இருந்தார்கள், கட்டையாக வெட்டிய தலைமுடியோடு. ‘த போய்ஸ்’ என்று எழுதிப் பழகிய ஆங்கிலத்தில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. பொடியனுகள் என்ற தமிழ்ச் சொல்லிலும் இருக்கவில்லை. வீடு பெண்ணுக்கு உரியதாக இருக்கும் இந்த வாவிக்கரையில், தாயின் வளவுக்குள் திரும்பிவந்த அந்தப் பெண்பிள்ளைகளை ஊர் எந்தச் சொல்லால் கூப்பிட்டது?

(தொடரும்)